குழலின் வாயில் நிற்கும் சுவர்



என் கையில் இருக்கும் இந்த மூங்கில் துண்டைப் பாருங்கள். இருபுறத்துக் கணுக்களையும் அறுத்து நீக்கிய, பக்கத்தில் ஒரு துளையும் இடப்படாத வெறும் குழாய் இது. நீளம் 33 சென்டிமீட்டர், உள்விட்டம் 1.6 சென்டிமீட்டர். இதன் ஒரு வாயை உள்ளங்கையால் சட்டென்று தட்டி, கையை எடுக்காமல் அப்படியே அழுத்தி வைத்துக்கொள்கிறேன். தாழ்ந்த ஓர் ஒலி எழுந்து அடங்குகிறது. மறுபடியும் அதே இடத்தில் தட்டி, தட்டிய கணத்திலேயே கையை விலக்கிக்கொள்கிறேன். இப்போது கேட்பது முன்னதற்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஒலி. குழாய் அதே குழாய், அதனுள் இருக்கும் காற்றும் அதே காற்று. ஒரு வாய் மூடியிருந்ததும் திறந்திருந்ததுமே வேறுபாடு. ஏறக்குறைய ஒரு ஸ்தாயி என்று நான் சொன்னதைச் சங்கீதப் பயிற்சியுள்ள அன்பர்கள் கவனித்திருப்பார்கள். இரண்டாவது ஒலி முதலாவதன் மேல் ஸட்ஜத்தில் சரியாக வந்து உட்காரவில்லை. ஒரு மயிரிழை குறைந்து நிற்கிறது. அந்த மயிரிழையை மறந்துவிடாமல் வைத்திருங்கள். கடைசியில் அதனிடம் நாம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு உள்ளே வேலையாக இருக்கும் பெண்மணி, தண்ணீரின் ஓசை தடித்திருந்து படிப்படியாகக் கூர்மையடைவதைக் கேட்டே, குடம் நிரம்பப் போகிறது என்று தெரிந்துகொண்டு எழுந்து வருகிறாள். தண்ணீர் ஏற ஏற, அதன்மேல் நிற்கும் காற்றின் அளவு குறைகிறது. குறையக் குறைய ஒலி உயர்கிறது. குடத்துக்கு வயிறு பெருத்துக் கழுத்துச் சிறுத்திருப்பதால் அதன் கணிதம் சற்று வேறு. ஆனால் அடைபட்ட காற்றுக்குத் தனக்கென்று ஒரு ஸ்வரம் உண்டு, அந்த ஸ்வரத்தை அதன் அளவே நிர்ணயிக்கிறது என்னும் உண்மையைச் செவியாலேயே அறிந்திருக்கும் அந்தப் பெண்மணிக்கு நான் இன்று சொல்லப்போவதில் பாதி முன்பே தெரியும்.

தெரியாத பாதி எதுவென்றால், ஒலி குழாயின் முனையை அடையும்போது என்ன ஆகிறது என்பதுதான். மூடிய முனையில் நிகழ்வதை ஊகிப்பது கடினமன்று. கையால் தட்டியபோது குழாய்க்குள் சிறிது காற்று நெருக்குண்டது. அந்த நெருக்கம் அடுத்த படலத்தை நெருக்கி, அது அதற்கடுத்ததை நெருக்கி, இவ்விதமாகக் காற்று இடம்பெயராமல் நெருக்கம் மட்டும் குழாய் நெடுகப் பாய்கிறது. எதிரில் ஒரு சுவர் இருக்குமானால் அதில் மோதி, நெருக்கமாகப் போனது நெருக்கமாகவே திரும்புகிறது. கிணற்றுச் சுவரில் குரல் கொடுத்து எதிரொலி கேட்டவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

ஆனால் எதிரில் சுவரே இல்லாமல், குழாய் வெட்டவெளியில் முடிந்துவிட்டால்? வந்த ஒலி அப்படியே வெளியேறிப் போய்விடும் என்றுதான் நம் முதல் எண்ணம் சொல்லும். அப்படிப் போய்விடுமானால் உலகத்தில் புல்லாங்குழல் என்று ஒன்று இருந்திருக்க முடியாது. திருவிழாக் காலத்தில், இருபுறமும் மதில் நெருக்கும் குறுகிய பிராகாரத்தில் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். கோபுர வாசலைக் கடந்து வீதியில் கால் வைத்தவுடன், அதுவரை பக்கங்களில் இருந்த நெருக்குதல் ஒரே கணத்தில் அற்றுப்போக, முன்னால் வந்தவர்கள் வந்த வேகத்தில் நாலாபுறமும் சிதறிவிடுகிறார்கள். அவர்கள் நின்ற இடத்தில், கூட்டத்தின் இயல்பான நெருக்கத்தையும்விடக் குறைந்த ஓர் இடைவெளி விழுகிறது. அதை நிரப்பப் பின்னால் நின்றவர்கள் ஓரடி எடுத்து வைக்க, அவர்கள் விட்ட இடம் காலியாக, இப்படி அந்த இடைவெளி பிராகாரத்துக்குள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. மனிதர்கள் வெளியே வந்தார்கள். வெறுமை உள்ளே போயிற்று. குழாயின் திறந்த வாயில் நிகழ்வது இதுவே. நெருக்கமாக வந்தது வெளியில் விரிந்து, தன் வேகத்தாலே அளவுக்கு மீறி விரிந்து, தனக்குப் பின்னால் ஒரு நெகிழ்வை உண்டாக்கி அதை உள்ளே அனுப்பிவிடுகிறது. வந்ததில் மிகச் சிறிய ஒரு பங்கே வெளியே தப்பி நம் செவியை எட்டுகிறது. பெரும்பங்கு, நெருக்கம் நெகிழ்வாக உருமாறி, உள்ளேயே திரும்பிவிடுகிறது. திறந்த வாயும் ஒலிக்கு ஒரு சுவர்தான் என்பதை நான் முதன்முதலில் உணர்ந்தபோது அடைந்த வியப்பு இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் எனக்குக் குறையவில்லை.

இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமே வரும். இரு வாயும் திறந்த குழாயில் புறப்பட்ட நெருக்கம், ஒரு முனையில் நெகிழ்வாக மாறி, மறுமுனையில் மீண்டும் நெருக்கமாக மாறி, ஒருமுறை போய்வந்த அளவிலேயே தன் பழைய வடிவத்தை அடைந்துவிடுகிறது. ஆகவே அந்தக் குழாயின் அடிப்படை ஸ்வரத்திற்கு அலைநீளம் குழாயைப்போல் இரண்டு மடங்கு. ஒரு முனை மூடிய குழாயிலோ மாற்றம் திறந்த முனையில் ஒருமுறைதான். ஒரு சுற்றுப் போய்வந்தபின் அது தன் எதிர்வடிவத்தில் நிற்கிறது, மற்றொரு சுற்றுப் போய்வந்தால்தான் பழைய வடிவம் கிடைக்கும். ஆகவே அலைநீளம் நான்கு மடங்கு. அலைநீளம் இரட்டித்தால் அதிர்வெண் பாதியாகும். என் உள்ளங்கை மூங்கிலின் ஒலியை ஒரு ஸ்தாயி இறக்கியது இதனாலேதான். மேல்நாட்டுத் தேவாலயங்களில் ஆர்கன் கட்டுகிறவர்கள் இதைக்கொண்டு இடமும் பொருளும் மிச்சம் பிடித்தார்கள். விநாடிக்கு ஏறத்தாழ 16 அதிர்வுகள் கொண்ட மிகத் தாழ்ந்த ஒலிக்கு 32 அடி உயரமுள்ள திறந்த குழாய் வேண்டும். அதன் தலையை அடைத்துவிட்டால் 16 அடியே போதும்.

இனி, நிலை அலை என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். போகும் அலையும் திரும்பும் அலையும் ஒரே குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, சில இடங்களில் அவை எப்போதும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டும், வேறு சில இடங்களில் எப்போதும் ஒன்றுக்கொன்று வலுவூட்டிக்கொண்டும் நிற்கின்றன. முன்னவற்றில் காற்று அசைவதே இல்லை, அவை கணுக்கள். பின்னவற்றில் அசைவு மிகுதி, அவை எதிர்க்கணுக்கள். மூடிய முனையில் காற்றுக்கு நகர இடமில்லாததால் அங்கே என்றும் கணு. திறந்த வாயில் தடையில்லாததால் அங்கே என்றும் எதிர்க்கணு. இந்தக் கணுக்களைக் கண்ணால் காணமுடியும் என்று காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஆகஸ்ட் குண்ட், ஆண்டு 1866.

கல்லூரியில் அந்தப் பரிசோதனையை நான் முதலில் செய்த நாள் நினைவிருக்கிறது. நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை நன்றாக உலரவைத்து, அதன் உள்ளே நெடுகத் தக்கைத் தூளை மெல்லிய கோடாகத் தூவி, 1 மீட்டர் நீளமுள்ள பித்தளைக் கம்பியை அதன் நட்டநடுவில் இறுகப் பிடித்து, ஒரு முனையிலிருந்த அட்டை வில்லையைக் குழாய்க்குள் நுழைத்து, மறுபாதியைக் குங்கிலியப் பொடி தோய்ந்த துணியால் உருவினேன். முதல் நாலைந்து முறை துணி வழுக்கியதே தவிர ஒன்றும் நிகழவில்லை. பிறகு கம்பி திடீரென்று கிறீச்சிட்டது. அதே கணத்தில், அதுவரை கோடாகக் கிடந்த தூள் சிலிர்த்தெழுந்து, குறுக்கே சின்னச் சின்ன வரப்புகளாகப் பிரிந்து, சம தூரங்களில் குவிந்து நின்றுவிட்டது. காற்று அசையாத இடங்களில் தூள் தங்கிற்று. அசைந்த இடங்களிலிருந்து அது விரட்டப்பட்டது. அளந்து பார்த்தால் குவியலுக்குக் குவியல் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். இரு முனையும் சுதந்திரமாக இருக்கும் கம்பி, இரு வாயும் திறந்த குழாய்க்கு நிகரானது. அதில் அரை அலை 1 மீட்டர், காற்றிலோ அரை அலை 10 சென்டிமீட்டர். ஆகவே பித்தளையில் ஒலி காற்றைப்போல் பத்து மடங்கு விரைவாகச் செல்கிறது என்பது, கடிகாரத்தின் உதவி சிறிதும் இன்றி, ஒரு கைப்பிடித் தூளையும் ஓர் அளவுகோலையும் கொண்டே தெரிந்துவிட்டது.

இதுவரை சொன்னது அடிப்படை ஸ்வரத்தைப் பற்றி. ஒரு குழாய் தன் அடிப்படை ஸ்வரத்தோடு மேற்சுரங்களையும் சேர்த்தே ஒலிக்கிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழுவதைக் கேட்டு மகிழாத சங்கீத ரசிகர் இருக்கமாட்டார். அது தந்தியின் மேற்சுரங்களுள் ஒன்று, அடிப்படையின் ஐந்து மடங்கு அதிர்வெண். இரண்டு மடங்கு மேல் ஸட்ஜம். மூன்று மடங்கு மேல் ஸ்தாயிப் பஞ்சமம். திறந்த குழாயில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லா மடங்குகளும் உண்டு. மூடிய குழாயில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படைகளே உண்டு. காரணம் முன்பு சொன்னதிலேயே அடங்கியிருக்கிறது: மூடிய குழாயில் ஒரு சுற்றுப் போய்வந்த அலை எதிர்வடிவத்தில் திரும்புகிறது, அந்தச் சுற்றுக்குள் முழு எண்ணிக்கையாக அதிர்ந்து முடிக்கும் ஒலி, திரும்பி வந்து தன்னையே அழித்துக்கொள்கிறது, ஒன்றரை, இரண்டரை என்று அரையில் நிற்கும் ஒலியே தன்னோடு ஒத்துப்போய்ப் பிழைக்கிறது. இரட்டைப்படைகளை யாரும் வெளியேற்றவில்லை. அவை தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றன.

இதைக் காதால் அறிய விரும்புகிறவர் புல்லாங்குழலையும் கிளாரினெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கவேண்டும். மேல்நாட்டுப் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஏறத்தாழ ஒரே நீளமுள்ளவை. ஆயினும் முன்னதன் மிகத் தாழ்ந்த ஸ்வரம் விநாடிக்கு 262 அதிர்வு. பின்னதன் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 147. கிளாரினெட்டின் நாக்குப் பொருந்திய முனை மூடிய முனை. அதே விரல்களை வைத்துக்கொண்டு அடுத்த தளத்துக்குத் தாவினால் புல்லாங்குழல் மேல் ஸட்ஜத்துக்குப் போகும். கிளாரினெட்டுக்கு அந்தப் படி இல்லாததால், அது ஒரே தாவலில் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குப் போய்விடும். இடையிலுள்ள அத்தனை ஸ்வரங்களையும் துளைகளாலேயே நிரப்ப வேண்டியிருப்பதால்தான் அதன் உடம்பில் அவ்வளவு சாவிகள்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். நம் புல்லாங்குழலின் தலைப்பக்கம் அடைபட்டிருக்கிறதே, அது மூடிய குழாய் அல்லவா? சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், குழலுக்கு நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று கணக்குச் சொல்லி, இடமுகத்தை அடைத்து வலமுகத்தைத் திறந்துவிட வேண்டும் என்றும் விதிக்கிறார். ஆயினும் வாசிக்கிறவரின் உதடு முழுவதும் மூடாமல் விட்டிருக்கும் ஊதுதுளையே அங்கே காற்றுக்கு வாய். அடைத்த முனை அதற்கு அப்பால் இருப்பதால் ஒலி அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே புல்லாங்குழல் சந்தேகத்துக்கு இடமின்றித் திறந்த குழாய்.

நாகஸ்வரம் இதைவிட ஆழமான புதிர். கெண்டை என்னும் சிறு உலோகக் குழலில் செருகிய சீவாளி, கிளாரினெட்டின் நாக்கைப்போலவே, முனையை மூடுகிறது. அப்படியானால் அதுவும் ஒற்றைப்படை மேற்சுரங்களோடு நின்று, ஸ்தாயியைத் தாண்டிப் பஞ்சமத்துக்குத் தாவவேண்டும். தாவுவதில்லை. திறந்த குழாயைப்போலவே எல்லா மேற்சுரங்களோடும் முழங்குகிறது. அந்த நாதத்தின் செழுமைக்கு அதுவும் ஒரு காரணம். விடை அதன் வடிவத்தில் இருக்கிறது. ஆச்சா மரத்தில் கடையப்பட்ட உலவு என்னும் உடற்குழாயின் உட்புழை, சீவாளியின் பக்கம் சிறுத்து, அணசு என்னும் அடிவாயின் பக்கம் வரவர விரியும் கூம்பு. ஒரே பருமனுள்ள குழாயில் அலை தன் வலிமை மாறாமல் செல்கிறது. கூம்பிலோ அது போகப் போக விரிந்து மெலிகிறது, திரும்பும்போது குவிந்து வலுக்கிறது. இந்த மெலிவையும் வலுவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், கூர்முனையில் மூடிய கூம்பு, அதே நீளமுள்ள இருபுறமும் திறந்த குழாய்க்கு அதிர்வெண்ணில் சமமாகிவிடுகிறது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் கடையும் ஆசாரிமார் இந்தச் சமன்பாட்டை எழுதிப் பார்த்தவர்கள் அல்லர். ஆனால் புழையின் விரிவு ஓரிடத்தில் சிறிது பிசகினாலும் மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியோடு சேராது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்து, அதற்கேற்பக் கடைகிறார்கள். அடிப்புறத்தில் விரல் படாத துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சீர்செய்கிறார்களே, அந்த மெழுகுத் துணுக்கு குழாயின் நீளத்தோடு நடத்தும் வியவகாரத்தை நான் ஆராய்ச்சிக்கூடத்து நுட்பங்களுக்குக் குறைந்ததாகக் கருதவில்லை.

திறந்த குழாயின் அலைநீளம் குழாயைப்போல் இரு மடங்கு என்பதை அளவுகளைக்கொண்டு எடுத்துக்காட்டியவர்களுள் ஸர் ஐஸக் நியூட்டன் ஒருவர். ஏறத்தாழ ஐந்து பாரிஸ் அடி நீளமுள்ள திறந்த குழாய், விநாடிக்கு நூறு முறை அதிரும் தந்தியோடு ஒத்து ஒலிக்கிறது என்று பிரெஞ்சுக்காரர் ஜோசப் ஸோவர் கண்டறிந்திருந்தார். ஒலி விநாடிக்கு 1,070 பாரிஸ் அடி செல்வதால் ஓர் அலைக்குப் பத்தடி சொச்சம் வருகிறது, அது குழாயின் இரு மடங்கு என்று நியூட்டன் தம் பிரின்சிபியாவின் இரண்டாம் பதிப்பில் எழுதினார். அந்த ஸோவர் இயற்கையிலேயே செவியும் பேச்சும் குறைபட்டவர். ஸ்வர நுட்பங்களைத் தம் காதால் தேர முடியாமல், சங்கீத வித்வான்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர். நாதத்தின் கணிதத்துக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவருக்கு அது முழுமையாகக் கேட்டதில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

இப்போது அந்த மயிரிழைக்கு வருவோம். திறந்த வாயில் ஒரு சுவர் நிற்கிறது என்றேன். எந்த இடத்தில் நிற்கிறது? மூங்கிலின் விளிம்பிலா? கூட்டம் வாசற்படியைத் தாண்டிய அதே அடியில் சிதறிவிடுவதில்லை. இரண்டடி வைத்த பிறகே சிதறுகிறது. காற்றும் அப்படியே. சுவர் விளிம்புக்குச் சற்று வெளியே, வெறுங்காற்றில் நிற்கிறது. எவ்வளவு வெளியே என்ற வினாவை ஹெல்ம்ஹோல்ட்ஸ், ரேலே பிரபு என்னும் இயற்பியல் அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்தார்கள்; மெல்லிய விளிம்புள்ள வட்டக் குழாய்க்கு அது குழாயின் ஆரத்தில் 0.61 பங்கு என்று 1948ஆம் ஆண்டில் லெவைனும் ஷ்விங்கரும் துல்லியமாகக் கணித்துக் காட்டினார்கள். இதை முனைத்திருத்தம் என்கிறோம்.

என் மூங்கிலுக்கு ஆரம் 0.8 சென்டிமீட்டர், ஆகவே வாய் ஒன்றுக்கு அரை சென்டிமீட்டர் கூடுகிறது. இரு வாயும் திறந்திருந்தால் 33 சென்டிமீட்டர் 34 ஆகிவிடுகிறது. இந்த மண்டபத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி 28 டிகிரி காட்டுகிறது. இந்த உஷ்ணத்தில் ஒலியின் வேகம் விநாடிக்கு 348 மீட்டர். கணக்கிட்டால் அதிர்வெண் 512. ஒரு வாயை மூடியபோது ஒரு திருத்தம் கழிந்து, நீளம் 33½ ஆயிற்று, அதிர்வெண் 260. ஆனால் 512இன் பாதி 256 அல்லவா? அந்த நான்கு அதிர்வுகளே நீங்கள் கேட்ட மயிரிழை. அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. மூடிய ஒலி இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே நின்றது. ஆகவே திறந்த ஒலி அதன் மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் குறைந்துபட்டது. வெறுங்காற்றில் நிற்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர், அரை சென்டிமீட்டர் விலகியிருப்பதைப் பழகிய காது கண்டுபிடித்துவிடுகிறது.

உஷ்ணத்தைக் குறிப்பிட்டேன். டிகிரி ஒன்றுக்கு ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. மார்கழி அதிகாலையில் 20 டிகிரியில் சுருதி சேர்த்த குழல், ஜனம் நிறைந்த சபையில் 30 டிகிரியில் ஒலிக்கும்போது, அரை ஸ்வரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக ஏறிவிடும். வித்வான்கள் கச்சேரி தொடங்குமுன் குழலில் வெறுமனே மூச்சை ஊதிக்கொண்டிருப்பது பழக்கத்தால் மட்டும் அன்று.

எல்லாவற்றிலும் நமக்கு மிக நெருங்கிய குழாய் நம் தொண்டையே. குரல்வளை நாண்களிலிருந்து உதடு வரை, வளர்ந்த ஆடவனுக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். நாண்களின் பக்கம் மூடியது, உதட்டின் பக்கம் திறந்தது; ஆகவே ஒற்றைப்படை வரிசை: ஏறத்தாழ 500, 1,500, 2,500. நாக்கும் உதடும் எந்த முயற்சியும் செய்யாமல் தளர்ந்திருக்கும்போது எழும் உயிரொலியில் இவையே மேலோங்கி நிற்கின்றன. நாக்கை உயர்த்தி ‘இ’ என்றாலும், உதட்டைக் குவித்து ‘உ’ என்றாலும், குழாயின் பருமன் இடத்துக்கு இடம் மாறி, இந்த மூன்றும் தத்தம் இடத்தைவிட்டு நகர்கின்றன. அந்த நகர்வைக் கேட்டே நாம் எழுத்தை எழுத்திலிருந்து பிரித்தறிகிறோம். தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்தாகிறது என்று வகுத்தபோது, காற்று ஒன்றே, அது நிற்கும் இடத்தின் வடிவமே ஒலியை வேறுபடுத்துகிறது என்பதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார். செவித்துளையும் இப்படிப்பட்ட குழாயே: 2½ சென்டிமீட்டர் நீளம், உள்முனையைச் செவிப்பறை மூடியிருக்கிறது, அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 3,500. மனிதச் செவி மிக நுட்பமாகக் கேட்கும் பகுதியும் அதுவே.

மேசைமேல் இந்த மூங்கிலோடு ஒரு கண்ணாடிக் குழாயும், தண்ணீர் நிறைந்த உயரமான ஜாடியும், 512 என்று பொறித்த இசைக்கவையும் வைத்திருக்கிறேன். விரும்பும் மாணவர்கள் கூட்டம் கலைந்தபின் வரலாம். கவையை ரப்பர்க் கட்டையில் தட்டி, குழாயின் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு, குழாயைத் தண்ணீரிலிருந்து மெல்ல உயர்த்துங்கள். காற்றின் நீளம் 16 சென்டிமீட்டரைத் தாண்டும் இடத்தில், கேட்டும் கேளாமலும் இருந்த கவையின் ஒலி திடீரென்று பொங்கும். அங்கே ஓர் அடையாளம் இடுங்கள். மேலும் உயர்த்தினால் அடங்கிவிடும். பொறுமையாக உயர்த்திக்கொண்டே போனால் 50 சென்டிமீட்டர் அளவில் மறுபடியும் பொங்கும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். முனைத்திருத்தம் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால் கழித்தலில் போய்விடும். 34 சென்டிமீட்டர் வரவேண்டும்.